மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு தலைவரம்மா

போன மாதம் பென்ஷன் விஷயமாக ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் புதிதாக ஒரு பலகை நட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரில் என்ன வேலை நடக்கிறது, ஒப்பந்தக்காரர் யார், எப்போது முடிய வேண்டும் என்பதையெல்லாம் பெயின்டில் எழுதியிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த பொறியாளர், சின்ன வயதுப் பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு சார் நின்னு படிக்கப் போறாங்க?" என்று என்னிடம் சலித்துக்கொண்டார்.

"படிக்க மாட்டாங்கம்மா. படிச்சுக் காட்டினா கேப்பாங்க" என்றேன்.

"உங்க காலத்துல யாரு சார் படிச்சுக் காட்டினது?"

அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவருக்கு ஜீப் வந்துவிட்டது. மீதியை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பாதியை மட்டும் எழுதுவது எப்படி? முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நான் செங்கத்துப் பக்கத்துக்காரன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து எழுபதுகளில் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியர் ஆனேன். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கவும், லெவல் கருவியைத் தோளில் சுமக்கவும், மேலதிகாரி கோபமாக இருக்கும்போது வாயை மூடிக்கொள்ளவும் அந்த வருஷங்களில் கற்றேன். அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தது. தண்டனை மாற்றல் என்று ஆபீசில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். நான் தப்பு ஏதும் செய்யவில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

மலைக்குப் போன சில வருஷங்களில், எண்பதுகளின் பாதி தாண்டி, நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது. அதுவரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். கோப்பு அவர்களிடம், சாவி அவர்களிடம். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஓட்டுப் போட்டுத் தலைவர் வரப்போகிறார் என்றதும், இனி யார் யாருக்கு வணக்கம் வைக்க வேண்டியிருக்குமோ என்று நாங்கள் முணுமுணுத்துக்கொண்டோம்.

என் பொறுப்பில் இருந்த ஊராட்சிகளில் சாமைப்பட்டு ஒன்று. மேலூர், கீழூர் என்று இரண்டு குடியிருப்புகள் சேர்ந்தது அது. அங்கே ஜெயிக்கப் போவது கோவிந்தன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மலைக் கிராமங்களில் வழிவழியாக வழக்குத் தீர்க்கிற ஊர்க்கவுண்டர் குடும்பம் அவருடையது. உயரமான ஆள், வெள்ளை மீசை. அவர் பேச ஆரம்பித்தால் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தும் என்பார்கள். அவரை எதிர்த்து நின்றவர் காசியம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் மாணிக்கத்தோடு சாமையும் கேழ்வரகும் விதைத்துப் புளி உலுக்குகிற குடும்பம்.

காசியம்மாள் ஜெயித்தார்.

எப்படி என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஜமுனாமரத்தூர் டீக்கடையில் சொன்னார்கள். சந்தையில் ஒரு வியாபாரி மலைக்காரர்களிடம் புளி வாங்குவாராம். அவர்களுக்கே வெல்லமும் விற்பாராம். வாங்குவதற்கு ஒரு தராசு, விற்பதற்கு ஒரு தராசு. புளி எப்போதும் எடை குறைவாகவே வரும். ஒரு சந்தை நாளில் காசியம்மாள் அவரிடம் இரண்டு கிலோ வெல்லம் வாங்கினார். வாங்கிய கையோடு அதைப் புளித் தராசில் வைத்து, "அண்ணா, இந்தத் தராசுல இது எவ்ளோ கீதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். சத்தமே போடவில்லை. வியாபாரி முள்ளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சந்தையே சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒரே தராசுதான். அந்தச் சிரிப்புதான் ஓட்டாக விழுந்தது என்றார் டீக்கடைக்காரர்.

தலைவரானதும் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் கணக்கு விளக்கத் தயாராகப் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஓவர்சியரே, ஊருக்குள்ள எல்லாரும் ஒரே எடத்துல எப்ப நிப்பாங்க?"

"திருவிழாவில" என்றேன்.

"அது வருசத்துக்கு ஒரு தபா. மாசா மாசம்?"

எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார். "சீமெண்ணெ ஊத்துற அன்னைக்கி. வூட்டுக்கு ஒரு ஆளு வந்துதான் ஆவணும். வரிசைய வுட்டுப் போவவும் முடியாது. நாம அங்க பேசலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாளில் ரேஷன் கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கூட்டத்துக்குக் கட்டும் நீலப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமம். அந்த மாதம் ஊராட்சிக்கு வந்த ஒவ்வொரு உத்தரவையும் வாய்விட்டுப் படிப்பார். எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து, மூச்சு வாங்கி, நிதானமாகப் படிப்பார். அவர் படிக்கிற வேகத்துக்கு வரிசை நகரும். டின்னை நிரப்பிக்கொண்டவர்களும் போகாமல் நிற்பார்கள். புரியாத சொல் வந்தால் விரல் அங்கேயே நிற்கும். தலை என் பக்கம் திரும்பும்.

"'உத்தேச மதிப்பீடு.' இது இன்னா ஓவர்சியரே?"

"வேலைக்கு எவ்வளவு ஆகும்னு தோராயமா போடற கணக்கும்மா."

"தோராயம்னா? கூடப் போவுமா, கொறையுமா?"

"ரெண்டும் ஆகலாம்."

"கூடப் போனா யாரு கேக்கணும்?"

"நீங்க கேக்கணும்."

"நானு மட்டுமா? இதோ நிக்கிறாங்களே, இவங்க கேக்கக் கூடாதா?"

வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். கேட்கலாம் என்று சொல்லுவேன். வேறு வழி? "அது டெக்னிக்கல் விஷயம்மா" என்று ஒருமுறை நழுவப் பார்த்தேன். "டெக்னிக்கல்னா தமிழ்ல இன்னா?" என்றார். அன்றைக்கு நின்று விளக்கி முடிப்பதற்குள் கடைக்காரர் பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டார்.

முதல் மூன்று மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, எப்போது என்று தெரியாமலே, அந்த நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். வேறு எந்த ஊராட்சியிலும் என் வேலையை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

மேலூருக்கும் கீழூருக்கும் நடுவே ஒரு ஓடை. மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. அதன்மேல் ஒரு சிறு பாலம் கட்ட அனுமதி வந்தது. கீழே சமவெளியிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்தார். கலவை விகிதத்தை நான் வரிசையில் நின்றவர்களிடம் விளக்கினேன்: சிமென்ட் மூட்டை கொள்ளுகிற அளவில் ஒரு மரப்பெட்டி, ஒரு மூட்டைக்கு நாலு பெட்டி மணல். அதற்கு மேல் மணல் போனால் பாலம் பலமிழக்கும். அவ்வளவுதான் சொன்னேன்.

வேலை தொடங்கிய அன்று போய்ப் பார்த்தால், கலவைத் தட்டின் பக்கத்தில் கீழூர்ப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். களத்தில் தானியம் அளப்பது போலவே, ஒன்றுக்கு லாபம் என்று சொல்லி, பெட்டி விழ விழ எண்ணுகிறார்கள். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு. போதும், நிறுத்து." ஐந்தாவது பெட்டியைத் தூக்கிய ஆளின் கை அப்படியே நின்றது. ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஓடையைப் பார்த்தேன்.

பொங்கலுக்கு அந்த ஒப்பந்தக்காரர் தலைவரம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை கொண்டு வந்தார். நானும் அப்போது கூட இருந்தேன். காசியம்மாள் மறுக்கவில்லை, கோபிக்கவில்லை. பிரித்துப் பார்த்தார். "நல்ல கெட்டித் துணிங்க. கனம் தாங்கும்" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஒப்பந்தக்காரர் முகம் மலர்ந்து போனார். இவரும் வாங்கிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே நான் மலையிறங்கினேன்.

அடுத்த மண்ணெண்ணெய் நாளில் உத்தரவுகளைப் படித்து முடித்தபின் அவர் சொன்னார்: "இன்னொரு நல்ல சேதி. பாலம் கட்டுற காண்ட்ராக்டர் நம்ம பால்வாடிப் பிள்ளைங்களுக்குத் தூளி கட்ட ஒரு பட்டுப்புடவ குடுத்துகிறார். போய்ப் பாருங்க, நல்லாகீது." போய்ப் பார்த்தோம். பால்வாடி உத்தரத்தில் அரக்குச் சிவப்பில் பட்டுத் தூளி தொங்கியது. உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் அடுத்த முறை மலைக்கு வந்தபோது, வழியில் பார்த்த பெண்களெல்லாம் அவருக்கு நன்றி சொன்னார்கள். அந்தப் பாலம் இன்றைக்கும் நிற்கிறது.

கோவிந்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோற்ற பிறகு அவர் மண்ணெண்ணெய் வரிசைக்குத் தானே வர ஆரம்பித்தார். அதுவரை வீட்டு மருமகள்தான் வருவாள். அவர் வந்தது எண்ணெய்க்கல்ல. தலைவரம்மா படிப்பதை ஒரு சொல் விடாமல் கேட்பார். குற்றம் கண்டுபிடிக்க அப்படிக் காது கொடுத்து நிற்பார். கேள்வி கேட்பார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் முந்தின நாள் கோப்பை இன்னொரு முறை படித்துவிட்டுப் போவேன். காசியம்மாளுக்கு அவர் உறவுமுறையில் மாமா. "மாமா கேட்டது சரிதான் ஓவர்சியரே, பதில் சொல்லுங்க" என்று தலைவரம்மாவும் எடுத்துக்கொடுப்பார்.

இப்போது ஒரு போர்க் கதை. தண்ணீர் எடுக்கிற போர்தான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கீழூருக்கும் மேலூருக்கும் குடிநீர் தந்துகொண்டிருந்த சுனை முதலில் சேறானது, பிறகு காய்ந்தது. பெண்கள் மலைச்சரிவில் வெகுதூரம் இறங்கி, பாறை இடுக்கில் சொட்டுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு வந்தார்கள். மாவட்டத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி மலைக்கு வருகிறது, சாமைப்பட்டுக்கு ஒரே ஒரு கிணறு என்று உத்தரவு வந்தது. ஒன்றுதான். தண்ணீர் வராவிட்டால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

எங்கே துளைப்பது என்று சொல்ல நிலத்தடி நீர் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். நாலு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடித்து, ஒயர் மாட்டி, பெட்டியிலிருந்து மின்சாரம் விட்டு முள்ளைப் பார்ப்பார். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, இன்னும் ஆழத்தில் இருப்பதைக் கருவி காட்டும். பள்ளிக்கூட மைதானம், கோயில் பக்கம், ஓடைக்கரை என்று ஊர்ப் பொது இடங்கள் எல்லாவற்றிலும் அடித்துப் பார்த்தோம். கீழே வெறும் பாறை. பள்ளிக்கூடத்துப் பின்புறம் மட்டும் கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமிருந்தது. கடைசியில் கோடு ஒரு சாமைக் கொல்லைக்குள் நுழைந்தது. அங்கே முள்ளைப் பார்த்த அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார்.

"இங்க பாறை நல்லா விரிசல் விட்டிருக்கு. போட்டா இங்கதான் போடணும். இது யாரு நிலம்?"

கம்பி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் காசியம்மாளைப் பார்த்தார்கள். அவர்தான் சொன்னார்: "எங்களுதுங்க."

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் வைத்து என்னிடம் பேசினார். "பள்ளிக்கூடத்துப் பின்னாடியே போட்டுடலாம் ஓவர்சியரே."

"அங்க தண்ணி வர்றது சந்தேகம்மா. ஒரே வாய்ப்பு."

"தெரியுது. ஆனா எங்க கொல்லையில போட்டா நாளைக்கி இன்னா பேசுவாங்க? தலைவராயி தன் நெலத்துல போர் போட்டுக்கினான்னு பேசுவாங்க. இத்தன மாசம் நானு படிச்சதெல்லாம் ஒரு நாள்ல பொய்யாப் பூடும்."

அவர் சொன்னதும் உண்மைதான். அரசு விதியும் அதுதான்: தனியார் நிலத்தில் பொதுக் கிணறு போடக் கூடாது. நிலத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தால் போடலாம் என்றேன். எழுதிக் கொடுத்தாலும் வேலி எங்களுதுதானே, ஆள் எங்களுதுதானே என்றார். மாணிக்கம் உள்ளே அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கும்.

மறுநாள் ஊரைக் கூட்டினார். மண்ணெண்ணெய் நாள் இல்லை. ஆனாலும் எல்லோரும் வந்திருந்தார்கள். நீர் பார்க்கும் அதிகாரி சொன்னதை ஒன்றுவிடாமல் என்னைச் சொல்ல வைத்தார். தன் கொல்லையில்தான் தண்ணீர் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு எழுந்து நின்று, "ஆனா நானு தலைவரா இருக்கிற வரைக்கும் எங்க நெலத்துல ஊரு காசு எறங்கக் கூடாது. அதனால பள்ளிக்கூடத்துப் பின்னாடி போடுறதா தீர்மானம்" என்றார்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குக்கூடக் கண் கலங்கியது. இப்படி ஒரு தலைவரா என்று தோன்றியது. அப்போதுதான் கோவிந்தன் எழுந்தார்.

"தேர்தல் முடிஞ்ச நாளா நானு இந்தக் காசியம்மா மேல ஒரு குத்தம் தேடிக்கினு கீறேன்" என்றார். "எல்லாருக்கும் தெரியும். சீமெண்ணெ வரிசையில காலு கடுக்க நின்னு தேடினேன். கெடைக்கல. இன்னைக்கி கெடச்சிடுச்சி."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இத்தன பேரு கேணியில்லாம சரிவுல எறங்கி ஏர்றாங்க. எம் மருமவ நேத்து வழுக்கி வுழுந்து முட்டிய ஒடச்சிக்கினு வந்தா. தண்ணி எங்க கீதுன்னு தெரிஞ்சும் வேற எடத்துல தோண்டலாம்னு சொல்ற. ஏன்? ஒம் பேரு கெடக் கூடாது. இல்ல? பேரு ஒனக்கு, தாகம் எங்களுக்கா?"

காசியம்மாள் மெல்ல உட்கார்ந்தார்.

"நீ ஒளிச்சிருந்தா தப்பு. நீதான் எல்லாத்தையும் சொல்லிட்டியே. சொன்னதுக்கப்பறம் முடிவு பண்றது நீயா, ஊரா?" என்று கேட்டுவிட்டுக் கோவிந்தனும் உட்கார்ந்தார்.

தலைவரம்மா கூட்டத்தின் பின்வரிசையைப் பார்த்தார். மாணிக்கம் அங்கே குந்தியிருந்தார். பட்டா அவர் பெயரில்.

"நீ இன்னா சொல்ற?"

"நேத்து ராத்திரியே சொன்னேனே" என்றார் மாணிக்கம். "வேலி முள்ள எடுத்துப் போட்டுடலாம்னு. நீதான் காதுல வாங்கல."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. காசியம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "மாமா சொன்னது சரி" என்றார். "நானு என் பேரப் பாத்தேன். ஊரு சொல்ற எடத்துலயே போடுங்க. ஆனா ஒண்ணு. கெணறு மட்டும் இல்ல; தெருவுலேந்து கெணறு வரைக்கும் வண்டி போற அகலத்துக்குப் பாதையும் சேத்து எழுதிக் குடுப்போம். வேலிய எங்க வூட்டு ஆளுங்க எடுக்க மாட்டாங்க. ஊருதான் எடுக்கணும். வேல முடியிற வரைக்கும் பாத்துக்கிற பொறுப்பு மாமாவோடது."

"என்னுதா?" என்றார் கோவிந்தன்.

"குத்தம் கண்டுபுடிக்கிறவரு பக்கத்துல இருந்தாதானே வேல சுத்தமா நடக்கும்."

அன்றைக்கே ஊர் திரண்டு போய் வேலியைப் பிரித்தது. முதல் முள்ளைப் பிடுங்கியவர் கோவிந்தன். நான் சங்கிலி போட்டு அளந்து முளை அடித்தேன். மாணிக்கம் எழுதிக் கொடுத்த சம்மதத்தை அங்கேயே, உழுத மண்ணில் நின்றபடியே, தலைவரம்மா படித்துக் காட்டினார்.

அடுத்த வாரம் துளை போடும் லாரியும் காற்றழுத்த லாரியும் மலை ஏறின. கடைசிப் பாதை குறுகல். ஊர் ஆட்கள் கடப்பாரையோடு முன்னால் நடந்து கல்லைப் பெயர்க்க, லாரிகள் பின்னால் ஊர்ந்து வந்தன. காலையில் துளை போட ஆரம்பித்தோம். இரும்புச் சுத்தி உள்ளே இடிக்கும். காற்று வெட்டிய கல்லைத் தூசியாக மேலே தள்ளும். முதலில் செம்மண் தூசி. பிறகு வெளிர் மஞ்சள். பிறகு கருஞ்சாம்பல். ஒவ்வொரு குழாய் இறங்கி முடியும்போதும் வருகிற தூசியைத் தனிக் குவியலாக வைக்கச் சொன்னேன். கோவிந்தன் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டார். நிறம் மாறினால் ஊருக்குக் கேட்கும்படி சொல்லுவார். மத்தியானத்துக்குள் அவர் மீசை, புருவம், தலை எல்லாம் சாம்பல் நிறம். அவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள்.

ஆனால் தூசி தூசியாகவே வந்தது. ஈரமில்லை. அனுமதித்த ஆழம் முடிந்துவிட்டது.

வண்டி ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "சார், இதோட நம்ம கணக்கு முடிஞ்சிது. மேல போவணும்னா எழுத்துல வேணும்."

அந்த இடத்தில் என் மேலதிகாரி இல்லை. தொலைபேசியும் இல்லை. கூடுதல் ஆழத்துக்கு உத்தரவு கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தண்ணீர் வராவிட்டால் வீண் செலவு என் தலையில் எழுதப்படும். கடைசிக் குவியலுக்குப் போய்க் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தேன். தூசிக்குள் சின்னச் சின்னத் துருச் சிவப்புப் பொடி இருந்தது. தண்ணீர் நடமாடிய விரிசலில்தான் கல் அப்படித் துருவேறும். அதிகாரி சொன்ன விரிசல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பினேன். நம்பிக்கைதான், நிச்சயமில்லை.

காசியம்மாள் என்னை வற்புறுத்தவில்லை. "நீங்க பாத்தத எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். உள்ளங்கையில் இருந்த பொடியை எல்லோருக்கும் காட்டினேன். தோற்றுப் போகலாம் என்பதையும் சொன்னேன்.

கோவிந்தன் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "எறக்குங்க ஓவர்சியரே. வரலன்னா ஊருதான் சொல்லிச்சின்னு நானே வந்து சொல்றேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இயந்திரம் மறுபடி உறுமியது. ஒரு குழாய் இறங்கியது; வறண்ட தூசி. அடுத்தது இறங்கும்போது தூசி நின்றது. துளையின் வாயில் ஒன்றுமே வரவில்லை. ஓட்டுநர் கைப்பிடியை விடாமல் குனிந்து காது கொடுத்தார். பிறகு திப்பித் திப்பியாகக் களிமண் போல ஏதோ வந்தது. அதன் பின்னால் ஒரு சீற்றம். சாம்பல் நிறத் தண்ணீர் லாரிக்கு மேலே எழும்பி எங்கள் எல்லோர் மீதும் கொட்டியது.

யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. மாணிக்கம் தன் மேல்துண்டை நனைத்து நனைத்துப் பிழிந்துகொண்டு நின்றார். கோவிந்தனின் முகத்தில் சேறு வழிய, அவர் நடுவில் கைகளை விரித்து நின்றார். காசியம்மாளின் நீலப் புடவை எந்த நிறம் என்றே தெரியவில்லை. என் சட்டையில் அன்று விழுந்த கறை கடைசி வரை போகவில்லை. நானும் போக்க முயலவில்லை. அன்றைக்கு ஊரில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். வண்டி ஆட்களுக்கு இலை நிறையப் பரிமாறினார்கள்.

அடிபம்பு பொருத்தி, மேடை கட்டி, ஊர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருக்கும். மாவட்டத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கையெழுத்தில்லாத புகார் ஒன்று போயிருந்தது. தலைவர் அரசுக் கிணற்றைத் தன் சொந்த நிலத்தில் போட்டுக்கொண்டார் என்பதுதான் புகார். காசியம்மாள் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. தகவல் தெரிந்ததும் ஊரில் எல்லோர் பார்வையும் ஒரே பக்கம் போனது. கோவிந்தன் முகம் கறுத்துப் போய் ஒதுங்கி நின்றார்.

அன்று மண்ணெண்ணெய் நாள். ரேஷன் கடை வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. அதிகாரி தலைவரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்றார்.

"எதுக்குங்க தனியா?" என்றார் காசியம்மாள்.

"புகார் ரகசியமானதும்மா."

"என் மேலதானேங்க புகாரு? எனக்கு ரகசியம் வேணாம். குடுங்க, படிக்கிறேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். ஒருவேளை அதுவும் ஒரு விசாரணை முறைதான் என்று நினைத்தாரோ என்னவோ, காகிதத்தைக் கொடுத்தார். காசியம்மாள் முக்காலியில் உட்கார்ந்தார். விரலை வைத்தார். எழுத்து எழுத்தாகத் தன் மீதான புகாரை ஊருக்குப் படித்துக் காட்டினார்.

"'மேற்படி தலைவர்... ஊர் மக்கள் யாருக்கும் தெரியாமல்... இரவோடு இரவாக...'"

வரிசையில் முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பு டின் டின்னாகப் பின்னால் போயிற்று. பட்டப்பகலில் தண்ணீர் பீறிட்ட அன்றைக்கு நனையாத ஆள் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை. காசியம்மாளாலும் மேலே படிக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் காகிதத்தை மடித்தார்.

"இத யாரு எழுதினாங்கன்னு நானு தேட மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இது கோவிந்தன் மாமா இல்ல. அவரு என்னத் திட்டணும்னா எங்க வூட்டு வாசல்ல நின்னு திட்டுவாரு."

கோவிந்தன் தலை நிமிர்ந்தது. முன்னால் வந்து நின்றார். "சார், வேலியப் புடுங்கினவன் நானு. அந்த எடத்துலதான் போடணும்னு சண்ட போட்டவனும் நானு. அந்தக் காயிதத்துல எம் பேரையும் சேத்துக்கோங்க."

"நீங்க யாரு?"

"தேர்தல்ல இந்தம்மாவ எதுத்து நின்னு தோத்தவன் சார்."

அதிகாரி எழுத எடுத்த பேனாவை மூடினார். கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோருமாகப் போனோம். வெயில் ஏறியிருந்தது. அடிபம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. அதிகாரி தாகத்தோடு நேராக பம்பின் கைப்பிடிக்குப் போனார்.

"சார்" என்றார் காசியம்மாள், மெதுவாக. "வரிசை கீதுங்க."

ஜீப் ஓட்டுநர் பதறிப்போனார். நானும்தான். அதிகாரி ஒரு நொடி காசியம்மாளைப் பார்த்தார். பிறகு வந்து கடைசிக் குடத்துக்குப் பின்னால் நின்றார். தலைவரம்மாவின் குடமும் அந்த வரிசையில் நடுவில் எங்கோ இருந்தது. நான் அதிகாரிக்குப் பின்னால் நின்றேன். அவர் திரும்பி என் காதோரம் கேட்டார்:

"ஓவர்சியர், இந்த அம்மா எப்பவும் இப்படித்தானா?"

நான் பதில் சொல்வதற்குள், முன்னால் நின்ற கோவிந்தன் திரும்பினார்.

"இல்ல சார். ஆபீசரு வந்துகிறீங்களேன்னு இன்னைக்கிக் கொஞ்சம் அடக்கமா கீறாங்க."